பாதியா, ஏழில் ஒன்றா? நியூசிலாந்து, இந்தியா வேளாண் உமிழ்வுக் கணக்கைப் படிப்பது எப்படி

நியூசிலாந்தின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வில் 53 சதவீதம் வேளாண்மையிலிருந்து வருகிறது. இந்தியாவில் அந்தப் பங்கு 13.72 சதவீதம். முதல் எண் 2022ஆம் ஆண்டுக்கானது, இரண்டாவது 2020க்கானது. இரண்டும் அந்தந்த அரசுகளே ஐ.நா. காலநிலை அமைப்பிடம் கொடுத்த கணக்கு. இவற்றை அருகருகே வைத்துப் பட்டை வரைபடம் போட்டால், நியூசிலாந்தின் பண்ணைகள்தான் புவியைச் சூடாக்குகின்றன, இந்திய விவசாயத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை என்று தோன்றும்.

டன் கணக்கைப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. 2022இல் நியூசிலாந்தின் மொத்த உமிழ்வு 7.84 கோடி டன். அதில் வேளாண்மை சுமார் 4.1 கோடி டன். 2020இல் இந்தியாவின் மொத்தம் 295.9 கோடி டன். அதில் வேளாண்மை சுமார் 40.6 கோடி டன். இந்திய வேளாண்மை பத்து மடங்கு. தலைக்கு எவ்வளவு என்று கேட்டால் படம் மறுபடி புரளும்: இந்தியருக்கு ஆண்டுக்கு 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நியூசிலாந்துக்காரருக்கு எட்டு டன். மூன்றுமே சரியான எண்கள்தாம். ஆனால் எதை எதால் வகுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் நீட்டும் கட்டுரைகள்தான் அதிகம்.

வகுக்கும் எண்

நியூசிலாந்தின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர், புவிவெப்பம், காற்று ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. பெரிய எஃகு, சிமென்ட் தொழில் அங்கே கிடையாது. கீழே இருக்கும் மொத்தம் சிறுத்திருப்பதால் மேலே இருக்கும் மாடு பெரிதாகத் தெரிகிறது. இந்தியாவில் நிலக்கரி மின்சாரம், ஆலை எரிபொருள், வாகனம் எல்லாம் சேர்ந்த எரிசக்தித் துறையே மொத்தத்தில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொள்வதால் அதே மாடு சிறிதாகத் தெரிகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நியூசிலாந்து ஆண்டுக்குச் சுமார் 4,300 கோடி யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நியூசிலாந்தின் மின்சாரமும் அதே நிலக்கரித் தரத்தில் இருந்திருந்தால் மொத்த உமிழ்வு ஏறக்குறைய இரண்டரைக் கோடி டன் கூடியிருக்கும். ஒரு மாடுகூடக் குறையாமல் வேளாண்மையின் பங்கு 53இலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். காற்றை அதிகம் கெடுத்ததற்குப் பரிசாக விவசாயம் பசுமையாகத் தெரிந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவில் 2019இல் வேளாண்மையின் பங்கு 13.44 சதவீதம், டன் கணக்கில் சுமார் 42 கோடி. 2020இல் டன் குறைந்தது, பங்கு ஏறியது. ஊரடங்கில் ஆலையும் வண்டியும் நின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்தவில்லை.

மீத்தேனுக்கு என்ன எடை?

நிலக்கரிக்குக் கார்பன் டை ஆக்சைடு எப்படியோ, வேளாண்மைக்கு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அப்படி. ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று ஒரு எடை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். நூறாண்டுக் கணக்கில் அந்த எடை, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் இரண்டாம் அறிக்கையில் 21, நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாம் அறிக்கையில் 28. நைட்ரஸ் ஆக்சைடுக்கு இதே வரிசையில் 310, 298, 265.

இந்தியா இதுவரை கொடுத்த ஈராண்டு அறிக்கைகள் பழைய 21ஐ வைத்துப் போடப்பட்டவை. நியூசிலாந்து, பாரிஸ் ஒப்பந்த விதிப்படி, 2022ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 28க்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுக்கான அறிக்கையில் அங்கே வேளாண்மையின் பங்கு 49 சதவீதம். அடுத்த அறிக்கையில் 53. ஒரே ஆண்டில் நான்கு புள்ளி ஏறியதில் பெரும்பகுதி இந்த எடை மாற்றத்தால் வந்தது. பண்ணைகளில் எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுக் கணக்கை 28 எடையில் திருப்பிப் போட்டால், 14 சதவீதத்தை ஒட்டியிருந்த வேளாண்மையின் பங்கு சுமார் 17 சதவீதமாகிறது. அதனால் 53ஐயும் 13.72ஐயும் அப்படியே ஒப்பிடுவது, வெவ்வேறு படிக்கல் வைத்து நிறுத்த இரண்டு மூட்டைகளை ஒப்பிடுவது மாதிரி. இரு நாட்டு அட்டவணையைக் கையில் எடுத்தால் முதலில் அடிக்குறிப்பில் இந்த எடையைத் தேடுங்கள். அது இல்லையென்றால் அந்த அட்டவணையை நம்பி எதையும் எழுத வேண்டாம்.

வேளாண்மை என்ற பெட்டிக்குள் எது இல்லை?

ஐ.நா. விதிமுறையில் 'வேளாண்மை' என்ற தலைப்பின் கீழ் முக்கியமாக வருபவை சில மட்டுமே: கால்நடையின் செரிமானத்தில் உண்டாகும் மீத்தேன், சாணக் குவியலும் கழிவுக் குட்டையும், நெல் வயல், நைட்ரஜன் இட்ட மண், அறுவடைக்குப்பின் வயலில் எரிக்கும் பயிர்த்தட்டை. டிராக்டரின் டீசல் எரிசக்திப் பெட்டியில் இருக்கிறது. யூரியா ஆலை எரிசக்திக்கும் தொழில்துறைக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. காடழித்து நிலமாக்குவது நிலப்பயன்பாட்டுப் பெட்டிக்குப் போய்விடுகிறது. அரிசி ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், லாரி, கடை, அடுப்பு, குப்பைமேட்டில் அழுகும் சாப்பாடு எதுவும் வேளாண்மைக் கணக்கில் இல்லை.

நியூசிலாந்தின் எண்ணை இது அவ்வளவாகப் பாதிக்காது. அங்கே மேய்ச்சல்தான் முதன்மை. பாசன மின்சாரம் இருந்தாலும் அது பெரும்பாலும் நீர்மின்சாரம். இந்தியாவில் அப்படியில்லை. நாட்டின் மின் நுகர்வில் சுமார் ஆறில் ஒரு பங்கு பம்புசெட்டுக்குப் போகிறது, ஆண்டுக்கு 20,000 கோடி யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால் 14 கோடி டன். இந்தியக் கிணற்று மோட்டார்கள் மட்டும் நியூசிலாந்தின் வேளாண்மை முழுவதையும்விட மூன்று மடங்குக்கு மேல் உமிழ்கின்றன, அதில் ஒரு கிலோகூட 13.72க்குள் வரவில்லை. தமிழ்நாடு, பஞ்சாப் போன்ற மாநிலங்களில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், பழைய மோட்டாரை மாற்றவும் யாருக்கும் அவசரமில்லை. மீட்டர் இல்லாத இணைப்புகளின் நுகர்வு மதிப்பீடாகத்தான் கணக்கில் ஏறுகிறது.

தட்டை எரிப்பு இதற்கு நேரெதிர். டெல்லியின் அக்டோபர், நவம்பர் புகையைப் பார்ப்பவர்கள் இதுதான் வேளாண் உமிழ்வில் முதலிடம் என்று நினைப்பார்கள். வேளாண் கணக்கில் அதன் பங்கு சுமார் 2 சதவீதம்தான். எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடை அடுத்த பயிர் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று விதி கருதுவதால் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே எண்ணப்படுகின்றன. நுரையீரலுக்கு அது பெருங்கேடு. காலநிலைக் கணக்கில் சிறு வரி.

பெட்டிகளையெல்லாம் திறந்து 'உணவு அமைப்பு' என்று ஒன்றாகக் கூட்டும் ஆய்வுகளும் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த குழு 2021இல் வெளியிட்ட கணக்கில், 2015இல் உலக உணவு அமைப்பின் உமிழ்வு 1,800 கோடி டன், மனித உமிழ்வு மொத்தத்தில் 34 சதவீதம். அதில் இந்தியாவின் பங்கு 6.3 சதவீதம். கணக்கிட்டால் 110 கோடி டன்னைத் தாண்டும். அரசு அறிக்கையின் 40 கோடி டன்னுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி யாரும் பொய் சொன்னதால் வந்ததில்லை. எடை வேறு, எல்லை வேறு. அதே ஆய்வில் போக்குவரத்துக்கு 5 சதவீதம்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'எத்தனை கிலோமீட்டர் பயணித்த உணவு' என்ற பேச்சுக்குக் கிடைக்கும் கவனம், அதன் அளவுக்கு மிஞ்சியது.

மாடு

இரு நாட்டிலும் வேளாண் உமிழ்வின் பெரும்பகுதி அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் பிறக்கிறது. இந்தியாவில் பாதிக்குச் சற்று மேல், நியூசிலாந்தில் அதைவிடக் கணிசமாக அதிகம். நார்த்தீவனத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து வேறொரு வகை நுண்ணுயிர் மீத்தேன் ஆக்குகிறது. ஏறக்குறைய முழுவதும் வாய் வழியாக ஏப்பமாக வெளியேறும். வால் பக்கத்தைப் பழிப்பது வழக்கம், கணக்கில் அது அற்பம்.

நியூசிலாந்து இதை மாட்டின் தீனியிலிருந்து கணக்கிடுகிறது. பால் அளவு, உடல் எடை, சினை ஆகியவற்றை வைத்து மாதம்தோறும் எவ்வளவு தீனி தேவைப்பட்டது என்று கண்டு, மாடு தின்ற ஒவ்வொரு கிலோ உலர்பொருளுக்கும் சுமார் 21.6 கிராம் மீத்தேன் என்று பெருக்குகிறது. ஒரு கறவைப் பசுவுக்கு ஆண்டுக்கு 80 முதல் 90 கிலோ. இந்தியா கால்நடைக் கணக்கெடுப்பு எண்ணை வகைவாரியான சராசரியால் பெருக்குகிறது: கறவையில் உள்ள நாட்டுப் பசுவுக்கு 28 கிலோ, கலப்பினத்துக்கு 43, எருமைக்கு 50. கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வர வேண்டியது, அதுவும் தள்ளிப்போகிறது. இடைப்பட்ட ஆண்டுகளை இழுத்து நிரப்புகிறார்கள்.

28 கிலோ உமிழும் நாட்டு மாடு 85 கிலோ உமிழும் நியூசிலாந்து மாட்டைவிட நல்லதா? தலைக்குப் பார்த்தால் ஆம். பாலுக்குப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நியூசிலாந்துப் பசு ஆண்டுக்குச் சுமார் 4,300 லிட்டர் கறக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் மீத்தேன். நாளைக்கு 4 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கும் நாட்டுப் பசுவுக்கு லிட்டருக்கு 23 கிராம். 6 லிட்டர் கறக்கும் எருமைக்கு 28. இதுவரை வித்தியாசம் பெரிதில்லை. பெரிய வித்தியாசம் தொழுவத்தில் கறக்காமல் நிற்கும் மாட்டில் இருக்கிறது.

2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையும் சேர்த்து 30 கோடி. அதில் கறவையிலோ வற்றியோ இருக்கும் பால்மாடு 12.5 கோடி. மீதி கன்று, கிடேரி, காளை, வயதான மாடு. நியூசிலாந்தில் கிடேரி இரண்டு வயதில் முதல் கன்று போடும். இந்தியாவில் கலப்பினமே மூன்று வயதை ஒட்டித்தான் ஈனும், நாட்டு இனத்துக்கு நான்கு ஆகும். அந்தக் கூடுதல் ஆண்டுகளில் மாடு தின்றதும் ஏப்பம் விட்டதும் பால் கணக்கில்தான் ஏற வேண்டும். 2016இல் இந்திய மாடு, எருமைகளின் மொத்த மீத்தேனை அந்த ஆண்டுப் பால் உற்பத்தியான 16.5 கோடி டன்னால் தோராயமாக வகுத்தால் லிட்டருக்கு 60 கிராமை நெருங்குகிறது. நியூசிலாந்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் இந்த வகுத்தலிலும் ஒரு சாய்வு உண்டு: இந்திய மாடு உழுகிறது, வண்டி இழுக்கிறது, எருவும் வரட்டியும் தருகிறது, எருமை இறைச்சியாக ஏற்றுமதியாகிறது. எல்லாப் பழியையும் பாலின் மேல் ஏற்றுவது முறையாகாது.

குறைக்கும் வழியும் இரு நாட்டுக்கும் வெவ்வேறு. மீத்தேனை அடக்கும் தீவனக் கலவை தினமும் தீனியோடு வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். ஆண்டு முழுக்கப் புல்வெளியில் மேயும் நியூசிலாந்து மாட்டுக்கு அதை எப்படி ஊட்டுவது என்பதே அங்கே சிக்கல். அதனால் அவர்கள் மீத்தேன் குறைவாக விடும் ஆட்டைத் தேர்ந்து இனவிருத்தி செய்வதில் இறங்கினார்கள். மூன்று தலைமுறையில் கூடுதலாக விடும் வரிசைக்கும் குறைவாக விடும் வரிசைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கிடைத்தது. இந்தியாவில் மாடு கட்டுத்தறியில் நின்று தின்கிறது. ஊட்டுவது எளிது, வாங்குவதுதான் கடினம்: இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மீத்தேன் குறைந்ததற்காகப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது.

இங்கே பலிக்கக்கூடியது வேறு. வைக்கோலை மட்டும் போடாமல் பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்பு ஆகியவற்றை மாட்டின் எடைக்கும் பாலுக்கும் தக்கபடி அளந்து கொடுப்பது. சினைப் பருவத்தைத் தவறவிடாமல் கன்று ஈனும் இடைவெளியைக் குறைப்பது. பாலினம் பிரித்த விந்து ஊசியால் காளைக் கன்றைக் குறைப்பது. மூன்றிலும் பால் கூடும் அல்லது செலவு குறையும், மீத்தேன் குறைவது உபரி. லிட்டருக்கான உமிழ்வு குறைந்தாலும், மாட்டின் எண்ணிக்கை குறையாவிட்டால் மொத்தம் குறையாது. மாட்டை வெட்டுவதற்குச் சட்டத்தடை உள்ள மாநிலங்களில் வற்றிய மாடு எங்கே போகும் என்ற கேள்விக்கு எந்தத் தீவனத் திட்டத்திலும் பதில் இல்லை.

நெல்

நெல் நியூசிலாந்துக் கணக்கில் இல்லாத வரி. இந்தியாவில் வேளாண் உமிழ்வின் ஆறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது. தேங்கிய நீருக்கு அடியில் மண்ணுக்குப் பிராணவாயு போகாது. அந்நிலையில் அழுகும் வேர், தொழு உரம், தாளடித் தட்டை ஆகியவற்றிலிருந்து மீத்தேன் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது. இந்தியச் சராசரி ஹெக்டேருக்குப் பருவத்தில் 75 கிலோவை ஒட்டியது. 28 எடையில் இரண்டு டன்னுக்கு மேல்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் இது ஏறக்குறைய பாதியாகும். ஐபிசிசி கணக்கில் பலமுறை காயவிட்ட வயலுக்குப் பெருக்கு எண் 0.55, ஒரே ஒரு முறை காயவிட்டால் 0.71. செய்முறை கடினமில்லை. 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தத் துளைப் பகுதி முழுவதும் மண்ணில் இறங்கும்படி 20 செ.மீ. ஆழத்துக்குப் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். நட்டு 10, 15 நாள் வரை நீர் நிறுத்திக் களையை அடக்கியபின், குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் காயவிடக் கூடாது, விட்டால் பதராகும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவை. களிமண்ணில் 15 செ.மீ.க்கு மேல் காயவிட்டால் வெடிப்பு விழுந்து, அடுத்துப் பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே இறங்கிவிடும். சேமித்த தண்ணீர் போய்விடும். ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வருவதால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும், யூரியாவை ஒரேயடியாக வீசியிருந்தால் இன்னும் கூடும். வயல்விட்டு வயல் தண்ணீர் பாயும் பாசனத்தில் மேல்வயல்காரர் சம்மதிக்காமல் கீழ்வயல்காரர் எதுவும் செய்ய முடியாது. காவிரிப் படுகையில் குறுவைக்கு இது பொருந்தும். சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிய பிறகு வடிய வைப்பதே பாடாக இருக்கும்போது காயவைப்பது எங்கே! 'பாதியாகும்' என்ற எண்ணை எல்லாப் பருவத்துக்கும் எல்லா ஹெக்டேருக்கும் பெருக்கிக் காட்டும் திட்ட அறிக்கைகளை அதனால்தான் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

நைட்ரஜன்

நியூசிலாந்தில் நைட்ரஸ் ஆக்சைடு பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தில் விழும் சிறுநீர், சாணத்திலிருந்து வருகிறது. மாடு சிறுநீர் கழித்த இடத்தில் மட்டும் நைட்ரஜன் ஹெக்டேருக்குப் பல நூறு கிலோ வீதத்தில் குவிந்திருக்கும்; புல்லால் அவ்வளவையும் எடுக்க முடியாது. 2021 ஜூலை முதல் அங்கே மேய்ச்சல் நிலத்துக்கு ரசாயன நைட்ரஜன் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 190 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. இந்தியாவில் வரம்பு இல்லை, மானியம் இருக்கிறது: 45 கிலோ யூரியா மூட்டை வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் சேர்த்து ரூ.266.50. அந்த மூட்டையில் நைட்ரஜன் 20.7 கிலோ. ஐபிசிசியின் பொதுவிதிப்படி அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போனால் சுமார் 86 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். யூரியா மண்ணில் கரைவதால் நேரடியாக வரும் கார்பன் டை ஆக்சைடு இன்னொரு 33 கிலோ. இந்தியா தன் கணக்கில் 1 சதவீதத்தைவிடக் குறைந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது. அதற்கு உள்நாட்டு வயல் ஆய்வுகள் இருக்கின்றன.

யார் சாப்பிட்டது?

தலைக்கு எட்டு டன் என்ற எண்ணுக்கு வருவோம். 52 லட்சம் பேர் அவ்வளவு பாலையும் ஆட்டிறைச்சியையும் தின்று தீர்க்கவில்லை. நியூசிலாந்தின் பால் உற்பத்தியில் சுமார் 95 சதவீதம் ஏற்றுமதியாகிறது. உமிழ்வோ மாடு நின்ற நாட்டின் பெயரில்தான் எழுதப்படும். உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் இந்தியாவுக்கும் இதே வாதம் ஓரளவு பொருந்தும்: ஏற்றுமதியான அரிசியின் மீத்தேனும், அதற்கு இறைத்த நிலத்தடி நீரின் மின்சாரமும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

இந்தப் பங்கு எண்கள் அரசியலில் எப்படிப் பயன்படுகின்றன என்பதில் இரு நாடும் வினோதமாக ஒத்துப்போகின்றன. உமிழ்வில் பாதி வேளாண்மை என்பதால் நியூசிலாந்தால் அதைத் தவிர்த்துவிட்டு இலக்கு வைக்க முடியவில்லை. 2019 சட்டத்தில் உயிர்வழி மீத்தேனுக்கு (கால்நடையும் அழுகும் குப்பையும் விடுவது) தனி இலக்கு வைத்தது: 2017 அளவிலிருந்து 2030க்குள் 10 சதவீதம், 2050க்குள் 24 முதல் 47 சதவீதம் குறைப்பு. ஆனால் விலை வைக்கும் நேரம் வந்தபோது பின்வாங்கியது. பண்ணை உமிழ்வுக்குக் கட்டணம் என்று 2022இல் அறிவித்த திட்டம் ஆட்சி மாறியபின் 2024இல் கைவிடப்பட்டது. 2050 இலக்கையும் 14 முதல் 24 சதவீதமாக இறக்குவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. மீத்தேன் சுமார் 12 ஆண்டில் சிதைந்துவிடும், மந்தை பெருகாதவரை புதிதாக வெப்பம் அதிகம் ஏறாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அறிவியலில் அதற்கு இடமுண்டு. ஆனால் ஏற்கெனவே பெரிய மந்தை வைத்திருப்பவருக்கு மட்டுமே வசதியான நியாயம் அது.

இந்தியா வாசலிலேயே நின்றுகொண்டது. 2020க்கான பழைய தன்னார்வ வாக்குறுதியில் உமிழ்வுச் செறிவைக் (பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வை) குறைக்கும்போது வேளாண்மை சேராது என்று எழுதியே வைத்தது. 2021இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் நியூசிலாந்து சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. சிறு விவசாயியின் இரண்டு மாடும் ஒரு ஏக்கர் நெல்லும் பிழைப்புக்கான உமிழ்வு என்பது அதன் வாதம். தலைக்கு 300 கிலோ என்ற எண் அந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. ஆனால் பம்புசெட்டின் 14 கோடி டன்னுக்கு அந்த வாதம் தேவையே இல்லை. அதைக் குறைக்க மாட்டையோ நெல்லையோ தொட வேண்டியதில்லை. சூரிய மின்சாரமும் நல்ல மோட்டாரும் போதும். அந்த டன்கள் குறைந்தாலும் வேளாண்மைப் பெட்டியில் ஒரு எண்ணும் இறங்காது. எரிசக்திப் பெட்டி சுருங்கும், மொத்தம் சுருங்கும், இந்தியாவில் வேளாண்மையின் பங்கு 13.72இலிருந்து கொஞ்சம் மேலே ஏறும்.